தார்ல்பி ஜங்ஷனில் ஐந்து நிமிடம்

5 ஜனவரி 1957, சனி

நெல்லி அத்தை இந்தப் பிறந்தநாளுக்குக் கம்பளிக் கையுறை பின்னவில்லை. அதற்குப் பதிலாக, ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு ரயில் பத்திரிகை. ஒன்றே ஒன்று. எது வேண்டும் என்று நானே முடிவு செய்து பத்திரிகைக் கடை மிஸஸ் க்ரெசியிடம் சொல்லிவிட வேண்டுமாம். பதினான்கு வயதில் இவ்வளவு பெரிய பொறுப்பு எனக்கு வரும் என்று நினைக்கவில்லை.

மிஸஸ் க்ரெசியின் கடைக்கு மூன்று வருகின்றன: ஃபயர்பாக்ஸ், ஜங்ஷன், அப் அண்ட் டவுன். மூன்றையும் மேசையில் பரப்பிக்கொண்டு நெடுநேரம் நின்றேன்.

"கண்ணு, மூணுலயும் புகைதானே வருது? எதை எடுத்தா என்ன?"

"ஒண்ணுக்கொண்ணு ரொம்ப வித்தியாசம், மிஸஸ் க்ரெசி."

"உன் வயசுப் பொண்ணுங்க நடிகை படம் போட்ட புஸ்தகம் கேக்குதுங்க. நீ ஒருத்திதான் பாய்லர் படம் கேக்குற. சரி, மூணையும் எடுத்துட்டுப் போ. அடுத்த சனிக்கிழமை திருப்பிக் குடு. ஜாம் கறை இருந்துச்சுன்னா தொலைச்சிடுவேன்."

கை கழுவாமல் தொடுவதில்லை என்று தீர்மானம்.

8 ஜனவரி, செவ்வாய்

மூன்றையும் முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை படித்தாயிற்று.

ஃபயர்பாக்ஸின் தாள் வழவழப்பு. படங்கள் முழுப் பக்கம். ஆனால் எல்லாப் படத்திலும் எஞ்சின் ஒரே கோணத்தில் வருகிறது, போட்டோ பிடிக்க அழைத்த உறவினர் மாதிரி. பதினேழாம் பக்கத்தில் ஒரு படத்தை இடவலம் மாற்றி அச்சடித்திருக்கிறார்கள்! எண் நீராவியில் மறைந்திருப்பதால் யாரும் கவனிக்கவில்லை போலும். கைகாட்டியைப் பார்த்தாலே தெரியும். நம் நாட்டில் கைகாட்டியின் கை கம்பத்துக்கு இடப்பக்கம்தான் நீளும். அந்தப் படத்தில் வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இதைக்கூடப் பார்க்காதவர்களை வேறு எதற்கு நம்புவது?

ஜங்ஷன் அரட்டை. 'நண்பர் ஒருவர் சொன்னார்', 'கேள்விப்பட்டோம்'. எந்த நண்பர்? எங்கே கேள்விப்பட்டார்கள்? நகைச்சுவைப் பக்கம் மட்டும் நன்றாக இருக்கிறது. அம்மாகூடச் சிரித்தாள்.

அப் அண்ட் டவுனில் எழுத்து எறும்பு அளவு. படம் நான்கே நான்கு, அதிலும் ஒன்று பாலத்தின் அடிப்பகுதி. ஆனால் ஒவ்வொரு தகவலின் முடிவிலும் யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது என்று போடுகிறார்கள். கடிதங்களை முழுப் பெயரோடும் ஊரோடும் வெளியிடுகிறார்கள். 'நேரில் கண்டதா, பிறர் சொன்னதா என்று குறிப்பிடாத கடிதங்கள் ஏற்கப்படா' என்று கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. மிஸ்டர் லாங்ஸ்டாஃப் என்பவர் மாதாமாதம் ஏதாவது ஒரு எக்ஸ்பிரஸில் கைக்கடிகாரத்தோடு பயணம் செய்து, எந்த இடத்தை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று விநாடி சுத்தமாக எழுதுகிறார். படிக்கக் கடினம். ஆனால் படித்தபின் ஒன்று நிச்சயமாகத் தெரிந்துகொண்ட நிறைவு வருகிறது.

12 ஜனவரி, சனி

அப் அண்ட் டவுன்! சொல்லிவிட்டேன். மிஸஸ் க்ரெசி என் பெயரை நோட்டில் எழுதினாள். "படமே இல்லாததாப் பார்த்துப் பொறுக்கிட்டே" என்றாள்.

மத்தியானம் வழக்கம்போல அப்பாவுக்குச் சாப்பாட்டுப் பெட்டி கொண்டு அவர் வேலை பார்க்கும் சிக்னல் கேபினுக்குப் போனேன். இன்று ஒரே அமளி. எங்கள் தார்ல்பி ஜங்ஷன் கேபினுக்கு அடுத்தது மார்வுட் கேபின். அவர்கள் மணி அடித்துச் சரி சொன்னால்தான் அப்பா ரயிலை அனுப்ப முடியும். அங்கே நிலக்கரிக் கூட்ஸ் ஒன்றின் அச்சு சூடேறி, பாதையிலேயே நின்றுவிட்டது. வடக்கு எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. அப்பா மூன்று முறை மணி அடித்துக் கேட்டார். பதில் இல்லை. எக்ஸ்பிரஸ் நம் கைகாட்டியில் நின்று ஊளையிட்டது.

அப்பாவின் ஒரு கையில் டெலிபோன், மறு கையில் கைகாட்டி லீவர். "எழுது மேவி, ரெண்டு நாற்பத்தொண்ணு, கேட்டேன், இல்லை" என்றார். ரயில் பதிவேட்டில் எழுதினேன். பிறகு, "ரெண்டு நாற்பத்தாறு, சரின்னுட்டான்." அதையும் எழுதினேன். போன கோடை விடுமுறையிலிருந்தே அவசரத்துக்கு நான்தான் எழுதுகிறேன். மைத்துளி விழாமல் எழுதுவதால் அப்பாவுக்குத் திருப்தி.

எக்ஸ்பிரஸ் போனபின் அப்பா துணியால் லீவர் பிடிகளைத் துடைத்தார். வியர்வைக் கை பட்டால் துருப்பிடிக்கும். சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

2 பிப்ரவரி, சனி

என் முதல் இதழ். மேல் மூலையில் பென்சிலால் 'ஓட்லிங்' என்று எழுதியிருந்தது. அப்பாவின் குடும்பப் பெயர் என்றாலும் இது நான்.

17 பிப்ரவரி, ஞாயிறு

தடுமல். இதழை மூன்றாம் முறை படித்தேன்.

2 மார்ச், சனி

எழுத்து சரியாக வரவில்லை.

இந்த மாதம் மிஸ்டர் லாங்ஸ்டாஃப் பயணம் செய்தது வடக்கு எக்ஸ்பிரஸில். ஜனவரி பன்னிரண்டு. நம் ரயில்! சந்தோஷமாகப் படித்துக்கொண்டே வந்தேன், இந்த வரி வரும்வரை: 'தார்ல்பி ஜங்ஷனில் காரணமே இல்லாமல் ஐந்து நிமிடம் நிறுத்தப்பட்டோம். கேபின்காரர் தம் தேநீரை நிதானமாக முடித்த பின்னரே கைகாட்டி இறங்கியது.'

தேநீர்! அப்பா அன்று ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

எப்படி எழுதலாம்? அதுவும் அப் அண்ட் டவுனில்? யார் பார்த்தது, எங்கே நின்று பார்த்தது – ரயில் பெட்டிக்குள் உட்கார்ந்தபடி இவருக்கு எப்படித் தெரியும்?

4 மார்ச், திங்கள்

ஊருக்கே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு ஸ்டேஷன் வழியாக வந்தேன். கூட்ஸ் வண்டியின் கார்டு, கேபினைப் பார்த்துக் கத்துகிறார்: "வால்டர்! கெட்டில் கொதிச்சிடுச்சா? நாங்க கிளம்பலாமா?" இன்னொருவர்: "அவசரப்படாதேய்யா, இன்னும் பிஸ்கட் பாக்கி இருக்கு!"

அப்பா ஜன்னலைத் திறந்து சிரித்துக்கொண்டே கையசைத்தார். ஜன்னலை மூடியபின் சிரிப்பு இல்லை. நான் கீழேயிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

5 மார்ச், செவ்வாய்

நாளை தவக்காலம் தொடங்குகிறது, இன்று அப்பத் திருநாள். அம்மா எலுமிச்சை பிழிந்து சர்க்கரை தூவிக் கொடுத்த மெல்லிய அப்பங்கள். அப்பா இரண்டோடு எழுந்துவிட்டார்.

"அந்தாளுக்கு எழுதிக் கேளுங்கப்பா."

"என்னத்தைக் கேட்க? பதிவேட்டுல எல்லாம் இருக்கு. அது போதும்."

"பதிவேட்டை யாருப்பா படிப்பாங்க? பத்திரிகையை ஆயிரம் பேர் படிக்கிறாங்க."

"ஆயிரம் பேரும் சாயங்காலம் அதுலதான் மீன் பொட்டலம் கட்டுவாங்க. விடு" என்றார் அப்பா.

"அவர் விட்டாலும் ஸ்டேஷன் விடாது போலிருக்கே" என்றாள் அம்மா. "ரொட்டிக் கடையில என்னையே கேக்குறா ஒருத்தி, உங்க வீட்டுக்காரருக்குத் தேத்தண்ணி அவ்வளவு பிடிக்குமான்னு."

இருபத்திரண்டு வருடத்தில் அப்பாவால் ஒரு ரயில்கூட அநாவசியமாக ஒரு நிமிடம் நின்றதில்லை. இதைப் பெருமைக்காக எழுதவில்லை. உண்மை.

9 மார்ச், சனி

கடிதம் முடிந்தது. ஐந்தாவது பிரதி. அடித்தல் திருத்தல் இல்லை. அப்பாவிடம் சொல்லவில்லை, அச்சில் வந்தபின் காட்டப் போகிறேன்.

மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன். கூட்ஸ் நின்றது, மார்வுட் சரி சொல்லாதது, 2.41, 2.46, எல்லாம். ஆனால் 'நேரில் கண்டதா, பிறர் சொன்னதா' என்று கேட்பார்களே? அப்பா சொன்னார் என்று எழுதினால், மகள் அப்பாவுக்காகப் பேசுகிறாள் என்று ஒதுக்கிவிடுவார்கள். எனவே கடைசி வரியாக இதைச் சேர்த்தேன்: 'அன்று நான் கேபினுக்குள் இருந்தேன். பதிவேட்டில் அந்த இரண்டு நேரங்களையும் எழுதியதே நான்தான்.'

இதைவிட உறுதியான ஆதாரம் யாரால் கொடுக்க முடியும்?

12 மார்ச், செவ்வாய்

தபாலில் போட்டாயிற்று.

30 மார்ச், சனி

ஏப்ரல் இதழில் இல்லை. கெட்டில் கிண்டல் இன்னும் ஓயவில்லை.

27 ஏப்ரல், சனி

வந்துவிட்டது! நாற்பத்திரண்டாம் பக்கம். 'மிஸ் மேவிஸ் ஓட்லிங், வயது 14, சிக்னல் குடியிருப்பு, தார்ல்பி.' ஒரு வார்த்தை வெட்டவில்லை. கடையிலேயே மிஸஸ் க்ரெசிக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "அடி சமர்த்து! அந்தாளு மூஞ்சியில கரி பூசிட்டியே" என்றாள்.

கேபினுக்கு ஓடினேன்.

அப்பா நின்றபடியே படித்தார். பாதியில் முகம் மலர்ந்தது, அதை நான் பார்த்தேன், பொய்யில்லை. பிறகு கடைசி வரிக்கு வந்தார்.

அங்கேயே நின்றார். மணி அடித்தது. பதில் மணி கொடுத்தார், லீவரை இழுத்தார், பதிவேட்டில் தானே எழுதினார். அதன் பின்தான் என் பக்கம் திரும்பினார்.

"கீழ போ, மேவி."

"அப்பா, சரியாத்தானே எழுதியிருக்கேன்?"

"எல்லாம் சரிதான். கீழ போம்மா."

படியில் இறங்கும்போது கதவில் அடித்திருக்கும் இரும்புத் தகட்டைப் பார்த்தேன். ஆயிரம் முறை பார்த்த தகடு. 'பணியில் இல்லாதோர் உள்ளே வரக் கூடாது.'

அதே நாள், இரவு உணவுக்கு முன்

உள்ளே வந்ததே குற்றம். பதிவேட்டில் எழுதியது – அம்மா சொன்னாள், அதற்கு வேலையே போய்விடுமாம். நான் எழுதிக் கையெழுத்தும் போட்டு நாடு முழுக்க அனுப்பியிருக்கிறேன். மைத்துளி விழாமல்.

29 ஏப்ரல், திங்கள்

மிஸஸ் க்ரெசியிடம் கேட்டேன், இந்த ஊரில் அப் அண்ட் டவுன் எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று.

"மூணே பேருதான் கண்ணு. நீ, பாதிரியாரு, அப்புறம் நம்ம இன்ஸ்பெக்டர் ஹெப்பிள். அவரு போருக்கு முன்னாலருந்தே வாங்குறாரு. ஒரு இதழ் விட்டதில்லை."

"அவரோடது இன்னும் இங்கே இருக்கா?"

"சனிக்கிழமை காலையிலயே வாங்கிட்டுப் போயிட்டாரே. ஏன், உன்னோடதைத் தொலைச்சிட்டியா?"

மிஸ்டர் ஹெப்பிள்தான் இந்தப் பகுதிக் கேபின்களுக்கெல்லாம் இன்ஸ்பெக்டர். எறும்பு எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவர் என்று நினைக்கிறேன். அந்தப் பத்திரிகையைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

ஃபயர்பாக்ஸில் கடிதப் பகுதியே கிடையாது. ஜங்ஷன், எதையும் யார் சொன்னது என்று கேட்காது.

1 மே, புதன்

அம்மா யோசனை சொன்னாள். அப்பா ஷிஃப்டுக்குப் போனபின், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"யாராவது வந்து கேட்டா, கதை விட்டேன்னு சொல்லிடு. அப்பா மேல பாசத்துல இல்லாததைச் சேர்த்து எழுதிட்டேன்னு சொல்லு. சின்னப் பொண்ணுதானே, நம்புவாங்க."

"அப்போ அந்த அஞ்சு நிமிஷம்?"

"அஞ்சு நிமிஷமாம்! இந்த வீடு ரயில்வே வீடுடி. அப்பா வேலை போனா இந்த அடுப்புகூட நமக்கில்லை."

சொல்லத்தான் போகிறேன். கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்தேன். நான் பொய் எழுதினேன், சார். நான் பொய் எழுதினேன், சார். என் முகமே நம்பவில்லை.

3 மே, வெள்ளி

வந்துவிட்டார்.

நாலரை மணி. மிஸ்டர் ஹெப்பிள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்தார். அக்குளில் பதிவேடு. அதை எங்கள் மேசையில் வைத்தார். அப்பா பின்னால், கதவோரம் நின்றார், தன் வீட்டிலேயே.

"நல்ல கடுதாசிம்மா" என்றார் மிஸ்டர் ஹெப்பிள். "லாங்ஸ்டாஃபுக்கு எவனாவது எழுதணும்னு நானும் பல வருஷமா நினைச்சதுண்டு." குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "கடைசி வரியைப் படிச்சப்போதான், ஐயோ, இதைப் படிக்காமலே இருந்திருக்கலாமேன்னு இருந்துச்சு. படிச்சுட்டேனே. இனி என்ன பண்றது? அந்த வரி உண்மையா?"

அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பொய் சார்" என்றேன். "நான் உள்ளே போகவேயில்லை. அப்பா சொன்னதைக் கேட்டுட்டு, நானே எழுதின மாதிரி... பெருமைக்கு எழுதிட்டேன்."

அவர் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து என் முன்னால் தள்ளினார். "ரெண்டு நாற்பத்தொண்ணு, ரெண்டு நாற்பத்தாறு. இந்த ரெண்டையும் இதுல எழுது பார்ப்போம்." பதிவேட்டை ஜனவரிப் பக்கத்தில் திறந்தார்.

பென்சிலைப் பிடித்தேன். என் நான்கின் தலை மூடியிருக்கும், அப்பாவுடையது திறந்திருக்கும். திறந்து எழுத வேண்டும். திறந்து எழுது, திறந்து எழுது என்று சொல்லிக்கொண்டேன். பென்சில் தாளைத் தொட்டது.

"வேண்டாம் சார்" என்றார் அப்பா. "அது அவ எழுத்துதான். நான் எழுதச் சொன்னேன், எழுதினா."

"வால்டர், யோசிச்சுப் பேசுய்யா. அவ எழுதி முடிக்கட்டும். அதுக்கப்புறம் நான் பார்த்துக்கறேன்." மிஸ்டர் ஹெப்பிள் வேண்டுமென்றே வழிவிடுகிறார் என்று எனக்கே தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

"யோசிச்சுட்டேன் சார். என் பொண்ணு பொய் எழுதினான்னு உங்க ஃபைல்ல இருக்கக் கூடாது."

பென்சிலைக் கீழே வைத்தேன். தாளில் ஒரு புள்ளி மட்டும்.

போகும்போது மிஸ்டர் ஹெப்பிள் அம்மாவிடம், "மன்னிச்சிடும்மா" என்றார். கதவு மூடியதும் அம்மா அப்பாவைப் பார்த்து, "கௌரவத்தைத் தட்டுல போட்டுச் சாப்பிடுங்க" என்று கத்தினாள். அப்புறம் அவர் தட்டைத்தான் முதலில் வைத்தாள்.

4 மே, சனி

கேபின் பக்கம் போகவில்லை. அங்கே வேறு ஆள்.

16 மே, வியாழன்

மாவட்ட அலுவலகத்தில் விசாரணை முடிந்தது. பத்து நிமிடம்தானாம். வேலையை விட்டு அனுப்பவில்லை. இருபத்திரண்டு வருடத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டார்களாம். இனி எந்தக் கேபினிலும் பொறுப்பில்லை. கார்ஸ்பி ஸ்டேஷனில் போர்ட்டர். ஜூன் முடிவதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அப்பா ஒரு முறையாவது திட்டினால் தேவலை. இன்று என்னிடம் கேட்டது, வீட்டுப்பாடம் முடித்தாயா என்று.

1 ஜூன், சனி

வாங்கப் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். மிஸஸ் க்ரெசியே எடுத்து நீட்டினாள். மிஸ்டர் லாங்ஸ்டாஃப் ஒரு பத்தி முழுக்க எழுதியிருக்கிறார். 'மிஸ் ஓட்லிங்கின் திருத்தத்தைத் தலைவணங்கி ஏற்கிறேன். தார்ல்பி கேபின்காரர் தம் கடமையைப் பிசகின்றிச் செய்துள்ளார். அவரிடம் என் வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன். நம் வாசகர்கள் அனைவரும் இப்பெண்ணைப் போல் ஆதாரத்தோடு எழுதினால் இப்பத்திரிகை இன்னும் சிறக்கும்.'

நான் ஜெயித்துவிட்டேன். அச்சில் இருக்கிறது.

அப்பாவிடம் கொடுத்தேன். பொறுமையாகப் படித்தார். "நல்ல மனுஷன்தான்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பீங்கான் சாமான்களைச் செய்தித்தாளில் சுற்றப் போனார்.

22 ஜூன், சனி

மிஸஸ் க்ரெசியிடம் நோட்டில் என் பெயரை அடிக்கச் சொன்னேன். இன்னும் ஆறேழு மாதம் பாக்கி இருக்கிறது என்றாள்.

"வேற ரெண்டுல ஒண்ணு தரட்டுமா? படம் நிறைய இருக்குமே, அதை எடுத்துக்கறியா?"

"வேணாம் மிஸஸ் க்ரெசி. பின்னல் பத்திரிகை ஏதாவது இருந்தா அம்மா பேர்ல அனுப்புங்க."

அதில் இரண்டு வகை இருக்கிறதாம். எது நல்லது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, கையில் அகப்பட்டதைக் காட்டினேன்.

30 ஜூன், ஞாயிறு

கார்ஸ்பி. மாவுக்கடை மாடியில் இரண்டு அறை. ஜன்னலிலிருந்து தண்டவாளம் தெரியாது. அம்மா திங்கட்கிழமை முதல் பட்டாணியை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலைக்குப் போகிறாள்.

20 ஜூலை, சனி

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். பிளாட்பாரத்தில் நிற்க யாருக்கும் தடையில்லை. அப்பா தள்ளுவண்டியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். புதுத் தொப்பி கொஞ்சம் பெரிது.

ஒன்று இருபது வண்டி ஊருக்கு வெளியே கைகாட்டியில் நின்றுவிட்டது. பிளாட்பாரக் கோடியில் இருக்கும் கேபினின் மணி இங்கே நன்றாகக் கேட்கிறது. அப்பா ஒரு பெட்டியைத் தூக்கியவர் அப்படியே நின்றார், தலை சாய்ந்திருந்தது. நானும் மணியை எண்ணினேன், எத்தனை அடி என்பதில்தான் செய்தி. அடுத்த கேபின்காரர் பாதையில் ஏதோ தடை என்று சொல்கிறார். மாடாக இருக்கும், அந்தப் பக்கம் வேலி சரியில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி மணி. தடை நீங்கிவிட்டது. அப்பா பெட்டியைக் கீழே வைத்தார்.

வண்டி ஒன்பது நிமிடம் தாமதமாக வந்தது. முதல் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். கையில் திறந்த குறிப்பேடு, விரலிடுக்கில் பென்சில், சட்டைப்பையில் சங்கிலிக் கடிகாரம். அந்த மாதிரி ஆட்களை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

"இந்தாப்பா போர்ட்டர், கைகாட்டியில எதுக்கு நிறுத்திட்டாங்க? மேல இருக்கறவர் தூங்கிட்டாரா?"

"தெரியலைங்க சார்" என்றார் அப்பா. "நான் போர்ட்டருங்க."

அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். தலைகீழாகப் படிக்க முடிந்தது. 'காரணமின்றி ஒன்பது நிமிடம்.' பிறகு, நான் குறிப்பேட்டையே பார்ப்பதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, ரயில்னா பிடிக்குமா? உனக்காவது தெரியுமா, ஏன் நின்னுச்சுன்னு?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பெட்டியின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே இறுக்கமாக இருந்த வாரை.

"தெரியாது சார்" என்றேன்.

அப்பா பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தார்.